33 படிகள்: சவானாவின் பழைய விடுதியில் ஒரு குடும்பம் தங்கிய மூன்று இரவுகள்

பின்னணி

அமெரிக்காவின் அட்லாண்டா புறநகரில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, ஊரிலிருந்து வந்திருந்த பெண்ணின் பெற்றோரை ஒரு மார்ச் மாதக் கடைசியில் சவானாவுக்கு அழைத்துப் போனார்கள். அப்பாவுக்கு 74 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 69. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது கால் மோசம். அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று ஊரில் மருத்துவர் சொல்லியிருந்தார். மகளைப் பார்த்துவிட்டு வந்து செய்துகொள்வதாக அவர் தள்ளிப் போட்டிருந்தார்.

நால்வரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். வயதான பெற்றோரை இப்படிப்பட்ட விடுதிகளுக்கு அழைத்துப் போகும் குடும்பங்கள் நிறைய. இங்கே நடந்தது அவர்களில் பலருக்கும் நடக்கக்கூடியது. ஆட்களின் அடையாளத்தையும் விடுதியின் பெயரையும் தரவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரத்தில் இருக்கும் சவானாவை 1733இல் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் என்ற ஆங்கிலேயர் நிறுவினார். நகரத்தைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சதுக்கம் விட்டார். மொத்தம் 24 சதுக்கங்கள் உருவாயின. 22 இன்றும் இருக்கின்றன. ஓக் மரங்கள் கிளை விரித்து நிழல் தர, அவற்றிலிருந்து சாம்பல் நிறத்தில் ஸ்பானிஷ் பாசி தொங்கும். பெயர்தான் பாசி, உண்மையில் அது அன்னாசி குடும்பத்துச் செடி. இந்தப் பழைய நகரம் தானாகப் பிழைத்துவிடவில்லை. 1954இல் வாகன நிறுத்துமிடம் கட்டுவதற்காகப் பழைய சந்தைக் கட்டடத்தை இடித்தார்கள். அடுத்து 1820இல் கட்டிய டேவன்போர்ட் இல்லத்துக்கும் ஆபத்து வந்தபோது, ஏழு பெண்கள் சேர்ந்து 1955இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி அதைக் காப்பாற்றினார்கள். அதற்கப்புறம் பல வீடுகள் மீட்கப்பட்டன. அப்படிப் பிழைத்த மாளிகைகள் சில இன்று விடுதிகளாக நடக்கின்றன.

பழைய வீடு என்றால் அப்பாவுக்கு உயிர். ஆற்றங்கரையில் லிஃப்ட் வைத்த பெரிய ஹோட்டல்கள் இருந்தும், அவருக்காகத்தான் மகள் இப்படி ஒரு விடுதியைத் தேடினார்.

முன்பதிவு

மார்ச் 17இல் புனித பேட்ரிக் நாள் ஊர்வலம் நடக்கும். அந்த வாரம் சவானாவில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். அதனால் அதைத் தாண்டி ஒரு வியாழன் முதல் ஞாயிறு வரை என்று முடிவு செய்தார்கள். தேர்ந்தெடுத்த விடுதி 1850களில் ஒரு பருத்தித் தரகர் கட்டிய வீடு. பதினான்கு அறைகள். காலை உணவு, பிற்பகல் தேநீர், மாலையில் சீஸும் ஒயினும், இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் இனிப்பு, எல்லாம் வாடகையில் சேர்த்தி.

இரண்டு அறை பதிவானது. பெற்றோருக்கு எடுத்தது இரண்டாம் தளத்தில், சதுக்கத்தைப் பார்த்த ஜன்னல்களும் நான்கு தூண் கட்டிலும் இருந்த அறை. இருப்பவற்றில் அழகானதும் விலை கூடியதும் அதுதான். லிஃப்ட் இல்லை என்று விதிமுறைப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மருமகன் அதைப் படித்திருந்தார். அமெரிக்காவில் தரைத்தளமே முதல் தளம், ஆக இரண்டாம் தளம் என்றால் நம்மூர்க் கணக்கில் முதல் மாடி. ஒரு மாடிதானே, மெதுவாக ஏறிவிடுவார் என்று நினைத்தார்கள்.

அந்தக் கணக்கு பொதுவாகச் சரி, சவானாவின் பழைய வீடுகளுக்குச் சரிவராது. அங்கே வரவேற்பறை இருக்கும் தளம் தெருவிலிருந்து ஒரு மாடி உயரத்தில் இருக்கும். அன்று தெருக்கள் மண் தெருக்கள். புழுதியும் ஈரமும் எட்டாமல் இருக்கவும், காற்று வரவும் அப்படி உயர்த்திக் கட்டினார்கள். வாசலுக்குத் தெருவிலிருந்தே நீண்ட படிக்கட்டு ஏறும். அதற்குக் கீழே, தரையோடு தரையாகவோ கொஞ்சம் பள்ளத்திலோ இருக்கும் தளத்தைத் தோட்டத் தளம் என்பார்கள். சமையலும் வேலையும் அங்கேதான் நடந்தன. இந்த விடுதி வரவேற்பறைத் தளத்தை முதல் தளம் என்று எண்ணியது. பெற்றோரின் அறை தெருவிலிருந்து இரண்டு மாடி ஏறினால் வரும் அறை என்பது அந்தப் பக்கத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

வியாழன் மாலை: கவனித்தவை

அட்லாண்டாவிலிருந்து மேக்கன் வழியாக நான்கு மணி நேரப் பயணம். பிற்பகல் நாலரைக்கு விடுதி வாசலில் இறங்கினார்கள்.

வெளிப்படி 12. இரும்புக் கைப்பிடி இரண்டு பக்கமும் இருந்தது. ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை என்று ஊரில் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மா அப்படியே ஏறினார். வரவேற்பறையில் உட்கார்ந்து தேநீரும் எலுமிச்சைக் கேக்கும் சாப்பிட்டார். கூரையோரத்துச் சுண்ணாம்பு வேலைப்பாட்டையும் ஆளுயரக் கண்ணாடியையும் எல்லாரும் ரசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்வை மட்டும் உள் படிக்கட்டிலேயே இருந்தது என்று மகள் பிறகு நினைவுகூர்ந்தார்.

உள்ளே 21 படி. வளைந்து ஏறும் படிக்கட்டு. வளைவின் உள்பக்கம் படி குறுகி, பாதம் முழுதாகப் பதியாது. கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் இன்றைய வழக்கத்தைவிடத் தாழ்வு. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அறைக்குள் இன்னும் இரண்டு சங்கடம். கட்டில் இடுப்பளவு உயரம். ஏறுவதற்கு மரத்தால் ஆன சின்னப் படிமேடை ஒன்று பக்கத்தில் வைத்திருந்தார்கள், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. குளியலறையில் நான்கு கால் வைத்த பழைய இரும்புத் தொட்டி. அதன் விளிம்பு முழங்காலுக்கு மேலே. குளிக்க வேண்டுமானால் காலைத் தூக்கி உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டும்.

இரவு உணவுக்கு வெளியே போகக் கூப்பிட்டபோது அம்மா, “பசியே இல்லடி, நீங்க போயிட்டு வாங்க” என்றார். மகளுக்குச் சந்தேகம். கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தை அறையிலேயே சாப்பிட வைத்தார். எட்டரை மணிக்கு மறுபடி எட்டிப் பார்த்தபோது அவர் கவனித்தது ஒரு சின்ன விஷயம். மாத்திரை போட்டிருந்தும் தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. ஒரே ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

கேட்டதற்கு முதலில் மழுப்பினார். அப்புறம் மெல்லச் சொன்னார்: “தண்ணி குடிச்சா ராத்திரி எழுந்துக்கணும். அந்தக் கட்டில்லேர்ந்து இருட்டுல எறங்க பயமா இருக்கு.” உடனேயே, “மாப்பிள்ளைகிட்ட சொல்லாதே. இவ்வளவு காசு குடுத்திருக்கார்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை மிகவும் பாதித்த இடம் இது. நம் வீட்டுப் பெரியவர்கள் வலியை வாயால் சொல்லமாட்டார்கள். தண்ணீரைக் குறைப்பார்கள், பசியில்லை என்பார்கள், நீங்கள் போய் வாருங்கள் என்பார்கள். அந்த மகள் பாட்டிலைப் பார்த்ததால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

அன்றிரவு எடுத்த முடிவு

மகளும் மருமகனும் மாடித் தாழ்வாரத்தில் நின்று பேசினார்கள். மருமகனுக்கு உடனே வேறு ஹோட்டலுக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தது. லிஃப்ட் இருக்கும், நடந்து உள்ளே போகிற குளியலறை இருக்கும். ஆனால் ரத்து செய்யும் கெடு தாண்டிவிட்டதால் மூன்று இரவு வாடகையும் போகும். பணம் போனால் போகிறது என்றுதான் அவர் சொன்னார். அப்படிப் போனால் அம்மா தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று மூன்று நாளும் மருகுவார் என்பது மகளின் வாதம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு யோசனையும் வந்தது.

காலை வரை காத்திருப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். காரணம் தெளிவானது: பழக்கமில்லாத அறை, உயரமான கட்டில், இருட்டில் குளியலறைக்குப் போகும் நேரம். ஒருவர் விழக்கூடிய நேரம் அதுதான். நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிப் போட்டால் ஆபத்தான அந்த ஒரு இரவைக் கடந்த பிறகுதான் பேச்சே தொடங்கும்.

இத்தகைய விடுதிகள் பலவற்றில் இரவு முழுக்க ஆள் இருக்கமாட்டார்கள். அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண் தருவார்கள். ஒன்பது மணிக்கு மகள் அந்த எண்ணை அழைத்தார். குறை சொல்லவில்லை, அம்மாவின் முழங்கால், கட்டிலின் உயரம், தொட்டியின் விளிம்பு மூன்றையும் சொல்லி, “படி ஏறாத அறை ஏதாவது இன்றைக்குக் காலியாக இருக்கிறதா” என்று மட்டும் கேட்டார். அப்படிக் கேட்டது மிகச் சரி என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பவர் தற்காத்துக்கொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை, நேரே வேலையில் இறங்க முடிந்தது.

விடுதியின் பொறுப்பாளர் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர். கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். முற்றத்துக்கு அப்பால் பின்கட்டில் ஓர் அறை இருந்தது. முன்பு குதிரை வண்டி நிறுத்திய கட்டடம். தரைமட்டம், வாசலில் ஒரே ஒரு படி, தாழ்வான கட்டில், நடந்து உள்ளே போகும் ஷவர். அன்று அது காலி. ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து வேறொரு தம்பதிக்குப் பதிவாகியிருந்தது. “இன்றிரவு மாறிவிடுங்கள். நாளைக்கு உள்ளது என் வேலை” என்றார் அவர்.

அறை மாற்றம்

ஆனால் அம்மா கீழே வந்தாக வேண்டுமே. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. மருமகன் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார், பொறுப்பாளர் தடுத்துவிட்டார். வளைவுப் படியில் இருவரும் சேர்ந்து விழ வாய்ப்பு அதிகம். கடைசியில் அம்மா படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கினார். மருமகன் இரண்டு படி கீழே, அவரைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினார். மகள் மேலே. வரவேற்பறையில் நாற்காலி போட்டுக் கொஞ்சம் இளைப்பாற விட்டார்கள். அதற்குக் கீழே வெளிப்படி வழியாகப் போகாமல், வீட்டுக்குள்ளேயே பின்பக்கம் இருந்த வேலைக்காரர் படிக்கட்டைப் பொறுப்பாளர் திறந்துவிட்டார். குறுகலான படிக்கட்டு, இரண்டு கையாலும் இரண்டு பக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. அதன் வழியே தோட்டத் தளத்துக்கு வந்து, முற்றத்தைக் கடந்து பின்கட்டு. மொத்தம் முக்கால் மணி நேரம் பிடித்தது.

அன்றிரவு அம்மா தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கினார். முழங்கால் வீங்கியிருந்தது. சமையலறையிலிருந்து ஐஸ் கொடுத்தார்கள்.

வெள்ளி காலை பொறுப்பாளர் அந்த இன்னொரு தம்பதியைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதைச் சொன்னார். பின்கட்டு அறையின் வாடகைக்கே சதுக்கத்தைப் பார்த்த பெரிய அறையைத் தருகிறேன், சம்மதமா என்று கேட்டார். இளம் தம்பதி, மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் மறுத்திருந்தால்? தன் சொந்தச் செலவில் வேறு ஹோட்டலில் இவர்களுக்கு அறை பிடித்துத் தந்திருப்பேன் என்று அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு அறைக்கும் இருந்த வாடகை வித்தியாசத்தையும் கேட்காமலே கழித்துக்கொண்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மருமகன் பிறகு தேடிப் படித்தார். அதையும் இங்கே குறித்து வைப்பது நல்லது. 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் விடுதிகளுக்கும் பொருந்தும். உரிமையாளர் அங்கேயே குடியிருந்து ஐந்து அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடாத இடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பழைய கட்டடங்களில் அதிகச் சிரமமும் செலவும் இல்லாமல் நீக்கக்கூடிய தடைகளை நீக்கினால் போதும். கட்டடத்தின் வரலாற்று மதிப்பைக் கெடுக்கும் மாற்றங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அதனால்தான் இத்தனை பழைய விடுதிகளில் லிஃப்ட் இல்லை. ஆனால் 2012 மார்ச் முதல் இன்னொரு விதி இருக்கிறது. எந்த அறையில் என்ன வசதி, எங்கே என்ன தடை என்பதை, முன்பதிவு செய்பவர் தனக்குச் சரிவருமா என்று தானே முடிவெடுக்கும் அளவுக்கு விடுதி விவரிக்க வேண்டும். லிஃப்ட் இல்லை என்ற ஒரு வரி அந்த அளவுக்குப் போதுமானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

காலை உணவு

சாப்பாட்டு அறை வரவேற்பறைத் தளத்தில் இருந்தது. அம்மாவை மறுபடி ஏற்ற வேண்டாம் என்று முற்றத்திலேயே மேசை போடச் சொன்னார்கள். வசந்த காலத்தில் அங்கே கண்ணுக்குத் தெரியாத கொசுப் போன்ற பூச்சிகள் கடிக்கும், அதற்கு மட்டும் கை கால் மூடிய உடை வேண்டும்.

பெற்றோர் சைவம், முட்டையும் கிடையாது. தென்மாநிலச் சாப்பாட்டில் அசைவம் வெளியே தெரியாத இடங்களிலும் ஒளிந்திருக்கும். கீரையைப் பன்றி எலும்போடு வேகவைப்பார்கள். பிஸ்கட் என்று அங்கே சொல்வது மென்மையான சின்ன ரொட்டி; அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு. கிரிட்ஸ் என்பது மக்காச்சோளத்தை ரவையாக உடைத்துக் காய்ச்சுவது; பார்க்க நம் நொய்க் கஞ்சி மாதிரி இருக்கும், சில இடங்களில் கோழிச் சாற்றில் காய்ச்சுவார்கள். மகள் சைவம் என்று சொல்லி நிறுத்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதில் வேகவைத்தது, எந்தக் கொழுப்பு. பிஸ்கட் வெண்ணெயில் செய்தது என்று தெரிந்தது. கிரிட்ஸை வெறும் தண்ணீரில் உப்பும் வெண்ணெயும் போட்டுக் காய்ச்சித் தந்தார் சமையல்காரம்மா. அப்பா இட்லிப் பொடி தூவிச் சாப்பிட்டார்.

சமையல்காரம்மா அந்தக் கடலோரத்தில் பரம்பரையாக வாழும் கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்பாவின் தொழிலைக் கேட்டதும், “அப்படியென்றால் எங்கள் ஊர் நெல்வயலைப் பார்க்காமல் போகாதீர்கள்” என்றார். சவானாவில் நெல்லா என்று அப்பாவுக்கு வியப்பு. அதற்கப்புறம் பயணத்தின் போக்கே மாறிவிட்டது.

பின்கட்டில் குடியிருந்தவர்கள்

வெள்ளி பிற்பகல் தேநீர் நேரத்தில் அப்பா பொறுப்பாளரிடம் கேட்டார்: நாங்கள் தங்கியிருக்கும் இந்தக் கட்டடத்தில் அப்போது யார் இருந்தார்கள்?

அவர் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். கீழே வண்டியும் குதிரையும். மேல்தளத்தில், வீட்டுக்காரர் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்கள். முந்தைய இரவு அம்மா இறங்கிவந்த குறுகலான படிக்கட்டு அவர்கள் ஏறி இறங்கியது. அவர்கள் பெயர் தெரியுமா என்று அம்மா மகள் வழியாகக் கேட்டார். தெரியாது. 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு; அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும்தான் குறித்திருக்கும், பெயர் எழுதும் வழக்கம் இல்லை.

“பேரு கூடவா எழுதல?” என்று அம்மா இரண்டு முறை கேட்டாராம்.

வேறு அறைக்கு மாற வேண்டுமா என்று மகள் தயங்கினார். அம்மா மறுத்துவிட்டார். விடுதி இதைப் பற்றி அறைக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. மாடி அறை ஒன்றில் உலாவுவதாகச் சொல்லப்படும் ஆவிக்கு மட்டும் ஒரு பக்கக் கதை இருந்தது. சவானாவில் ஆவிச் சுற்றுலா பெரிய தொழில், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் உண்மையில் அங்கே உழைத்து வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதையாவது விருந்தினருக்குச் சொல்ல வேண்டும். அந்த மௌனம் எனக்கு வலிக்கிறது.

சனிக்கிழமைத் திட்டம் இதிலிருந்துதான் உருவானது. முதலில் போட்டிருந்தது டைபி தீவுக் கலங்கரை விளக்கம், 178 படிகள். அதைக் கைவிட்டார்கள். காலையில் 1819இல் கட்டி முடித்த ஓவன்ஸ்-தாமஸ் இல்லத்துக்குப் போனார்கள். மாளிகையோடு பின்பக்கத்து அடிமைக் குடியிருப்பையும் சேர்த்தே காட்டும் அருங்காட்சியகம் அது. அந்தக் குடியிருப்பின் கூரையில் வெளிர் நீல வண்ணம் இன்னும் இருக்கிறது. கெட்ட ஆவிகளை அண்டவிடாது என்ற நம்பிக்கையில் அங்கே வாழ்ந்தவர்கள் பூசியது. அம்மா மாளிகைக்குள் ஏறாமல் கீழே இருந்த பகுதிகளை மட்டும் பார்த்தார்.

பிற்பகலில் ஆற்றைக் கடந்து தென் கரோலினா பக்கத்தில் சவானா வனவிலங்குச் சரணாலயம். லாரல் ஹில் என்ற நான்கு மைல் பாதையில் காரிலேயே போகலாம், முழங்காலுக்கு வேலையே இல்லை. அந்தப் பாதை ஓடுவது பழைய நெல்வயல் வரப்புகளின் மேல். அப்பாவுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. கடல் ஏறும்போது ஆற்றின் நன்னீர் மட்டமும் எழும். அப்போது மதகைத் திறந்து வயலுக்குள் தண்ணீர் விட வேண்டும். கடல் வற்றும்போது வடித்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் இடம் பார்த்துக் கரை போட வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பும் அறிவும் அந்தக் கரைகளில் இருக்கின்றன. ஓகில்தோர்ப் காலத்து ஜார்ஜியாவில் அடிமை முறைக்குத் தடை இருந்தது. 1751இல் தடை நீங்கிய பிறகுதான் இங்கே நெல் தோட்டங்கள் பெருகின. அப்பா காரை நிறுத்தச் சொல்லிச் சொல்லி இறங்கிப் பார்த்தார். கரையோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதலைகளைப் பார்த்து அம்மா காரைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்.

விளைவு

திட்டப்படி மூன்று இரவும் அங்கேயே தங்கினார்கள். சனி மாலைக்குள் வீக்கம் குறைந்திருந்தது. ஞாயிறு காலை புல் (Bull) தெரு வழியே மேடிசன் சதுக்கத்திலிருந்து மான்டெரி சதுக்கம், அங்கிருந்து ஃபோர்சைத் பூங்கா வரை அம்மாவே நடந்தார். அவருக்கு இந்த ஊர் தோது. சதுக்கத்துக்குச் சதுக்கம் தூரம் குறைவு, எல்லாவற்றிலும் நிழலில் பெஞ்சு இருக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். ஓக் வேர்கள் செங்கல் நடைபாதையைத் தூக்கிவிட்ட இடங்களில் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பூங்காவில் 1858இல் நிறுவிய நீரூற்றருகே அசேலியாப் பூக்கள் பூத்திருந்தன. ஆற்றங்கரைத் தெருவுக்கு இறங்கும் செங்குத்தான பழைய கல்படிகளைத் தவிர்த்துவிட்டார்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு மாலை போனது, ஒரு நாள் நடை குறைந்தது. விழுந்து எலும்பு முறிந்திருந்தால், பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் 69 வயதுப் பெண்ணுக்கு அமெரிக்க மருத்துவமனைச் செலவு என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் குடும்பம் அறியும். பயணக் காப்பீடு எடுத்திருந்தார்கள். ஏற்கெனவே இருந்த முழங்கால் நோயைக் காட்டி அது கைவிரித்திருக்கவும் கூடும்.

எது மாற வேண்டும்

பதிவு செய்யும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான் தேவைப்பட்டது. தளத்தின் எண்ணைக் கேட்டுப் பயனில்லை. நடைபாதையிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி, கைப்பிடி எத்தனை பக்கம், கட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம், குளிக்கத் தொட்டியா ஷவரா, சாப்பிடும் இடம் எந்தத் தளத்தில், இரவில் யாராவது இருப்பார்களா. இந்தக் கேள்விகளுக்குப் படம் பதில் சொல்லாது, வீட்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும். பெரியவர்களுக்கு வீட்டிலேயே அழகான அறையைத் தர வேண்டும் என்ற ஆசை புரிகிறது. இந்த வீடுகளில் அழகான அறை பெரும்பாலும் உயரத்தில்தான் இருக்கும். இளையவர்கள் அதை எடுத்துக்கொண்டு பெரியவர்களைத் தோட்டத் தளத்திலோ பின்கட்டிலோ தங்கவைப்பது குறைவான மரியாதை ஆகிவிடாது.

பெற்றோரையும் அந்தப் பேச்சில் சேர்த்திருக்கலாம். இங்கே அறை ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அம்மாவிடம் படத்தைக் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் கட்டிலைப் பார்த்ததும் அவரே சொல்லியிருப்பார் என்கிறார் மகள்.

ஊர் திரும்பியபின் மகள் பொது இடத்தில் விமர்சனம் எதுவும் எழுதவில்லை. பொறுப்பாளருக்கு நேரே ஒரு மடல் எழுதினார். இரவில் வந்து உதவியதற்கு நன்றி சொல்லி, இரண்டு வேண்டுகோள் வைத்தார்: ஒவ்வோர் அறைக்கும் படி எண்ணிக்கையைப் போடுங்கள், பின்கட்டில் வாழ்ந்தவர்களைப் பற்றித் தெரிந்ததை அறைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சில வாரத்தில் பதில் வந்தது. முதல் வேண்டுகோள் நிறைவேறியிருக்கிறது. பதினான்கு அறைகளுக்கும் தெருவிலிருந்து எத்தனை படி, கட்டில் உயரம், குளியல் வசதி மூன்றும் இப்போது இருக்கின்றன. பெற்றோர் தங்கவிருந்த அறைக்கு நேரே 33 என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவதற்கு, சரியான ஆவணங்களைத் தேடி எழுதக் கொஞ்சம் நாள் வேண்டும் என்று பொறுப்பாளர் கேட்டிருக்கிறார். நான் கடைசியாக விசாரித்தபோது அது இன்னும் எழுதப்படவில்லை.

அம்மா ஊருக்குத் திரும்பி வலது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த முறை வரும்போது தென் கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டன் போகலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார், அங்கேயும் நெல்தான் காரணம். மகள் அங்குள்ள ஒரு விடுதியைத் தொலைபேசியில் அழைத்து எத்தனை படி என்று கேட்டார். எடுத்தவருக்குத் தெரியவில்லை. இருங்கள் என்று சொல்லிப் போய் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார். ஏழு படி, கைப்பிடி இரண்டு பக்கமும் உண்டு.